வெளிச்சத்தை மருந்தாக்கியவர்

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை மாணவன்



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதிக் கொடுடா என்று மலர்க் குழுவில் இருக்கும் என் பெஞ்ச் தோழன் கேட்டான். எடிசன், சர்.சி.வி.ராமன், அப்துல் கலாம் என்றுதான் முதலில் மனசு ஓடியது. அவர்களை எழுத வருஷத்துக்கு நாலு பேர் வந்துவிடுகிறார்கள். நான் எழுதப் போகிறவர் மருத்துவ உலகத்தில் ரொம்பப் பிரபலமானவர். நோபல் பரிசு வாங்கியவர். ஆனால் நம்ம லேபில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர் பெயர் நீல்ஸ் ரைபர்க் ஃபின்சன்.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்தது என் அம்மாவின் கழுத்து வழியாக. சிரிக்காதீர்கள். என் அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து, பீஸுக்கு இவ்வளவு என்று ஜாக்கெட் தைக்கிறவர்கள். இருபது வருஷமாகக் குனிந்த தலை. போன வருஷம் கழுத்தைத் திருப்ப முடியாமல் போய், வலி தோள்பட்டைக்கு இறங்கிவிட்டது. தைலம், ஒத்தடம், மாத்திரை எல்லாம் ஆகி, கடைசியில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் லேசர் வைக்கச் சொன்னார்கள். பேனா மாதிரி ஒரு கருவி. முனையில் சிவப்பு வெளிச்சம். அதைக் கழுத்தில் நாலைந்து இடத்தில் வைத்து எடுப்பார்கள். பன்னிரண்டு சிட்டிங். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பாங்க, ஏன் தம்பி, சூடும் தெரியல, குத்துறதும் தெரியல, அதுல என்னத்த இருக்கு என்று. எனக்கும் பதில் தெரியாது. இருந்தாலும் டிப்ளமோ படிக்கிற கெத்தில், லேசர்னா சும்மாவாம்மா என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த மாசம் மருத்துவக் கருவிகள் ரிப்பேர் பார்க்கும் ஓர் இடத்தில் எனக்கு இன்பிளான்ட் டிரெயினிங். ஒரு நாள் மேஜையில் அதே பேனா! கைப்பிடியில் சுற்றியிருந்த பச்சை இன்சுலேஷன் டேப்பை வைத்தே அடையாளம் கண்டுகொண்டேன். லேபிளில் 808 நானோமீட்டர், 100 மில்லிவாட் என்று போட்டிருந்தது. ஆன் செய்தால் சிவப்பு வெளிச்சம் ஜம்மென்று வந்தது. பவர் மீட்டரில் வைத்தால் முள் நகரவே இல்லை. 808 நானோமீட்டர் என்பது அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்த சிவப்பு, எந்த இடத்தில் வைக்கிறோம் என்று காட்டுவதற்காகப் பக்கத்தில் வைத்திருந்த சாதாரண எல்.இ.டி. உள்ளே இருந்த லேசர் டையோடு எப்போதோ செத்துப் போயிருந்தது. அந்த நிலையத்துக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாது. யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கு வெறும் டார்ச் லைட் அடித்த மாதிரி பன்னிரண்டு நாள்! மறுநாள் எங்கள் துறையில் ஒரு சாரிடம் போய்ப் புலம்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெளிச்சத்தை வைத்து வைத்தியம் பார்ப்பது ஒன்றும் புதுசு இல்லை, ஃபின்சன் என்று ஒருத்தர் இருந்தார், அவரைப் படி, அப்புறம் கோபப்படு என்றார். படித்தேன். படித்ததை எழுதுகிறேன்.

ஃபாரோ தீவுகள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவில், வட அட்லாண்டிக் கடலில், மேகமும் மழையும் காற்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்னத் தீவுகள். டென்மார்க் அரசின் ஆட்சிக்கு உட்பட்டவை. அங்கே டோர்ஸ்ஹாவ்ன் என்ற ஊரில் 1860 டிசம்பர் 15-ல் ஃபின்சன் பிறந்தார். டிசம்பரில் அந்த ஊரில் பகல் என்பதே ஐந்து மணி நேரம்தான்! அப்பா அரசாங்க அதிகாரி, ஐஸ்லாந்துக் குடும்பம். அம்மா, இவர் நாலு வயசுக் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பிறகு அப்பா இன்னொரு திருமணம் செய்துகொண்டார்.

பையன் படிப்பில் எப்படி என்று கேட்டால், நம்ம கடைசி பெஞ்ச் நண்பர்கள் நிமிர்ந்து உட்காரலாம். டென்மார்க்கில் ஹெர்லுஃப்ஸ்ஹோல்ம் என்ற ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நல்ல மனசு இருக்கிறது, ஆனால் திறமையும் சுறுசுறுப்பும் போதாது என்கிற மாதிரி தலைமையாசிரியர் ரிப்போர்ட் எழுதிவிட்டார். சரி, நான் படித்த பள்ளியிலேயே படிக்கட்டும் என்று அப்பா 1876-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் ஊருக்கு அனுப்பினார். அங்கே படித்து முடித்து வெளியே வரும்போது வயசு 21. வகுப்பில் 15 பேர், இவர் 11-வது ரேங்க்! இப்படிப்பட்ட ஆள்தான் 1882-ல் மருத்துவம் படிக்க கோபன்ஹேகன் போகிறார்.

போன அடுத்த வருஷமே உடம்பு காட்டிக் கொடுத்துவிட்டது. சோர்வு, ரத்தசோகை. பின்னாளில் அது இதயத்தையும் கல்லீரலையும் மூடியிருக்கும் சவ்வுகள் மெல்ல மெல்லத் தடித்து இறுகிப் போகும் நோய் என்று கண்டார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. ஃபின்சன் தன் வாழ்நாள் முழுக்க இந்த நோயோடுதான் வேலை பார்த்தார். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மாணவனாக அவர் இருந்த அறை வடக்குப் பார்த்தது. வெயில் உள்ளே வராது. வெளியே போய் வெயிலில் நின்றால் உடம்புக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருக்கும். நம்ம ஊரில் வெயிலைக் கண்டால் ஓடுகிறோம். அங்கே வெயிலைத் தேடிப் போக வேண்டும். ஜன்னல் வழியாக ஒரு பூனையைப் பார்த்ததாகச் சொல்வார்கள். கூரையில் வெயில் காய்கிற பூனை, நிழல் நகர்ந்து வந்து தன்மேல் விழுந்ததும் எழுந்து வெயில் பக்கம் தள்ளிப் படுக்கும். மறுபடி நிழல் வரும், மறுபடி தள்ளிப் படுக்கும். யாராயிருந்தாலும் பார்த்துவிட்டுப் போயிருப்போம். வெளிச்சம் உயிருள்ள உடம்பை என்ன செய்கிறது என்று இவர் யோசிக்க ஆரம்பித்தார். வெயிலைத் தேடும் பிராணிகள், வெயிலைக் கண்டு ஓடும் பூச்சிகள் என்று குறிப்பு எடுத்துக்கொண்டே போனார்.

1890-ல் டாக்டர் ஆனார். பல்கலைக்கழகத்தில் உடற்கூறு பாடத்துக்கு மாணவர்களுக்குப் பிணம் அறுத்துக் காட்டும் உத்தியோகம் கிடைத்தது. 1892 கடைசியில் இங்கேபோர்க் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணமான மறு வருஷமே உத்தியோகத்தை விட்டுவிட்டார். எதற்கு? முழு நேரமும் வெளிச்சத்தைப் பற்றி ஆராய! மாமனார் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்களோ, புத்தகத்தில் இல்லை.

அவர் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரிய உபகரணம் ஒன்றும் வேண்டாம். தன் முன்கையில் கறுப்பு மையால் ஒரு பட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நீட்டினார். பிறகு மையைக் கழுவினார். மை இருந்த இடம் வெளுப்பாகவே இருந்தது, மற்ற இடம் எல்லாம் சிவந்து வெந்து போயிருந்தது. சில நாளில் சிவந்த இடம் கறுத்தது. இப்போது மை இல்லாமல் மறுபடி வெயிலில் காட்டினார். கறுத்த இடம் தப்பித்துவிட்டது, முன்னே தப்பித்த வெள்ளைப் பட்டை இப்போது வெந்தது! தோலில் ஏறும் கறுப்பு ஒரு குடை என்பது அவர் கையிலேயே எழுதியிருந்தது. வெயிலில் தோலைச் சுடுவது சூடு அல்ல, நிறமாலையின் ஊதாப் பக்கத்தில் இருக்கும் கதிர்கள் என்பதையும் அவர் நிச்சயப்படுத்திக்கொண்டார். இதில் நமக்கு ஒன்றும் ஆச்சரியம் இருக்கக் கூடாது. வெல்டிங் ஷாப்பில் ஷீல்டு பிடிக்காமல் ஆர்க்கைப் பார்த்துவிட்டு, ராத்திரி கண்ணில் மணலைக் கொட்டின மாதிரி துடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆர்க்கின் சூடு அங்கே வரவில்லை, கதிர்தான் வந்தது.

1893-ல் தோல்மேல் வெளிச்சத்தின் விளைவுகள் பற்றி எழுதினார். அதே வருஷம் அம்மை நோயாளிகளைச் சிவப்புத் திரை போட்ட அறையில் வைத்தால் தழும்பு குறையும் என்றும் சொன்னார். சில நாடுகளில் சிவப்பு அறைகள்கூட வைத்தார்கள். பிற்பாடு மற்ற டாக்டர்கள் சோதித்தபோது அது நிலைக்கவில்லை. பெரிய மனுஷர் செய்ததெல்லாம் சரி என்று எழுதும் வழக்கம் நமக்கு உண்டு. இவர் விஷயத்தில் அது தேவையில்லை. சரியாக வந்ததே போதுமான அளவு இருக்கிறது.

சரியாக வந்தது எது? அக்காலத்தில் ஐரோப்பாவில் தோலில் வரும் காசநோய் ஒன்று ஜனங்களை வாட்டியது. லூபஸ் வல்காரிஸ் என்று பெயர். லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். ஓநாய் கடித்துத் தின்ற மாதிரி மூக்கு, கன்னம், உதடு என்று முகத்தைத் தின்றுவிடும். உயிர் போகாது. ஆனால் வேலை போகும், கல்யாணம் நடக்காது, தெருவில் நடக்க முடியாது. சுரண்டி எடுப்பது, சுட்டுப் பொசுக்குவது, இவைதான் வைத்தியம். வெளிச்சம் கிருமியைக் கொல்லும் என்று ஏற்கெனவே இங்கிலாந்தில் 1877-ல் காட்டியிருந்தார்கள். அப்படியானால் முகத்தைத் தின்னும் கிருமியை வெளிச்சத்தால் ஏன் கொல்லக் கூடாது? இதுதான் ஃபின்சனின் கேள்வி.

இங்கேதான் அவர் டாக்டராக இல்லாமல் நம்ம ஆளாக மாறுகிறார். வெயிலைக் குவித்தால் கதிரும் குவியும், சூடும் குவியும். சூடு தோலைப் பொசுக்கிவிடும். சூடு வேண்டாம், கதிர் மட்டும் வேண்டும். என்ன செய்வது? நடுவில் வெற்றிடம் உள்ள லென்ஸ் செய்து அதற்குள் நீல நிறச் செப்புக் கரைசலை ஊற்றினார். சிவப்பும் அகச்சிவப்பும் அதில் தங்கிவிடும், நீலமும் ஊதாவும் தாண்டிப் போகும். அடுத்த சிக்கல், தோலுக்குள் ஓடும் ரத்தம் கதிரைக் குடித்துவிடுகிறது. அதற்கு, உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடும் சின்னக் கண்ணாடிக் கருவி ஒன்றைத் தோல்மேல் அழுத்திப் பிடிக்கச் செய்தார். அழுத்தினால் ரத்தம் விலகும், தண்ணீர் ஓடினால் தோல் ஆறும். மூன்றாவது சிக்கல், டென்மார்க்கில் வெயிலுக்கு எங்கே போவது? கார்பன் ஆர்க் விளக்கு!

1895 நவம்பரில் கோபன்ஹேகன் மின்சார நிலையத்தின் ஆர்க் விளக்கை வைத்து முதல் நோயாளிக்கு வைத்தியம் ஆரம்பமானது. வந்தவர் ஓர் இன்ஜினியர். பல வருஷமாக முகத்தில் அந்த நோயோடு எல்லா வைத்தியமும் பார்த்துத் தோற்றவர். தினமும் உட்கார வைத்து, சின்ன வட்டமாக ஒவ்வோர் இடமாகக் கதிரைக் கொடுத்தார்கள். சில மாதத்தில் முகம் தேறியது. கோபன்ஹேகனில் பேச்சாகிவிட்டது.

1896-ல் ஊரின் செல்வந்தர்களும் நகராட்சியும் கை கொடுக்க, ஃபின்சன் ஒளி மருத்துவ நிலையம் திறந்தது. ஒரு பெரிய ஆர்க் விளக்கு. அதைச் சுற்றி டெலஸ்கோப் மாதிரி நாலு குழாய்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு நோயாளி படுத்திருப்பார். பக்கத்தில் ஒரு நர்ஸ், அந்தத் தண்ணீர்க் கண்ணாடியை அழுத்திப் பிடித்தபடி. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் வரை. காசு அளவு இடம்தான் ஒரு நாளைக்கு. முகம் முழுக்க என்றால் மாதக்கணக்கில் ஆகும். அந்த நர்ஸ்களின் கையை யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா?

வந்த ஒவ்வொருவரையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்தார், பதிவு வைத்தார். 1896 முதல் 1901 வரை 804 லூபஸ் நோயாளிகள், அவர்களில் 83 சதவீதம் பேர் குணமானார்கள் என்று கணக்கு. இங்கிலாந்தின் அலெக்சாண்ட்ரா டென்மார்க் அரசரின் மகள். அவர் மூலமாக 1900-ல் லண்டன் மருத்துவமனைக்கும் ஃபின்சன் விளக்கு போனது.

1903-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. அந்தப் பரிசு ஆரம்பித்து மூன்றாவது வருஷம்தான். முந்தின வருஷம் வாங்கியவர், நம்ம செகந்திராபாத்தில் மலேரியாக் கொசுவை ஆராய்ந்த ரொனால்ட் ராஸ். அதே 1903-ல் இயற்பியல் பரிசு பெக்கரலுக்கும் கியூரி தம்பதிக்கும். எப்பேர்ப்பட்ட வருஷம்! ஆனால் ஃபின்சனால் ஸ்டாக்ஹோம் போய் வாங்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தார். வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், ஊசி போட்டு இறக்குவார்கள், மறுபடி கோத்துக்கொள்ளும். பரிசுப் பணத்தில் பெரும் பங்கைத் தன் ஒளி நிலையத்துக்கும், இதயம், கல்லீரல் நோயாளிகளுக்கான ஒரு மருத்துவ இல்லத்துக்கும் கொடுத்துவிட்டார்.

ஊரையெல்லாம் குணப்படுத்திய வெளிச்சம் அவரைக் குணப்படுத்தவில்லை. அவர் நோய் அந்த வகை இல்லை. இதைப் படித்தபோது எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. அவரோ சும்மா இருக்கவில்லை. தன் உடம்பையே லேப் ஆக்கிக்கொண்டார். உப்பைக் குறைத்தால் நீர் கோப்பது என்ன ஆகிறது, எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று தினமும் குறித்தார். உடம்பில் உப்பு தங்குவதைப் பற்றிய அவரது கடைசிக் கட்டுரை 1904-ல் வந்தது. அதே வருஷம் செப்டம்பர் 24-ல் இறந்தார். வயசு 43. மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. நூறு வருஷம் கழித்து, 2005-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். அவருடைய பழைய லென்ஸ்களை எடுத்து எந்த அலைநீளம் தாண்டிப் போகிறது என்று அளந்தார்கள். 340 நானோமீட்டருக்குக் கீழே ஒன்றுமே தாண்டவில்லை! கிருமியைக் கொல்வதாக அவர் நம்பிய கடும் புற ஊதா நோயாளியின் முகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அப்புறம் எப்படிக் குணமானது? காசநோய்க் கிருமிக்குள்ளேயே போர்ஃபிரின் என்ற பொருள் இருக்கிறது. 400 நானோமீட்டர் பக்கத்து ஊதா வெளிச்சத்தை அது குடித்து, தீவிரமான ஒருவகை ஆக்சிஜனை உண்டாக்கி, கிருமியை உள்ளிருந்தே அழித்திருக்கலாம் என்கிறார்கள். நோயாளி குணமானது நிஜம், டாக்டர் சொன்ன காரணம் தப்பு. இப்படியும் நடக்கும்!

இனி என் அம்மாவின் கழுத்துக்கு வருகிறேன். ஃபின்சன் வலிக்கு வெளிச்சம் கொடுத்தவர் இல்லை என்பதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். அவர் வேலை ஊதாவில், கிருமியோடு. இது சிவப்பிலும் அகச்சிவப்பிலும், நம் உடம்பின் செல்லோடு. லேசர் முதலில் எரிந்தது 1960-ல். 1967-ல் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டர், எலியின் முடியை வழித்துவிட்டு ரூபி லேசரைக் காட்டினார். கெடுதல் வருமோ என்று பார்த்தால், காட்டிய எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. பிறகு ஆறாத புண்ணுக்கும் வைத்துப் பார்த்தார். குறைந்த சக்தி லேசர் வைத்தியம் அங்கிருந்துதான் வளர்ந்தது. சூடு தெரியாதது குறை இல்லை, அதுதான் அதன் லட்சணம். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு நொதி இந்த வெளிச்சத்தைக் குடிக்கிறது, அதனால் வீக்கமும் வலியும் குறைகிறது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வேலை செய்கிறதா? கழுத்து வலிக்கு 16 சோதனைகளை, 820 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2009-ல் லான்செட் இதழில் வந்தது. நாள்பட்ட கழுத்து வலியில், வைத்தியம் முடிந்து 22 வாரம் வரைகூட வலி குறைந்திருந்தது என்று கண்டார்கள். இடுப்பு வலிக்கு 2008-ல் அப்படித் தொகுத்துப் பார்த்தவர்களோ, முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். ஆகவே சர்வரோக நிவாரணி என்று போர்டு வைத்தால் நம்பாதீர்கள். அலைநீளமும் அளவும் சரியாக இருக்க வேண்டும். குறைந்தாலும் பலனில்லை, கூடினாலும் பலன் குறையும். அளவு என்பது நமக்குத் தெரிந்த கணக்குத்தான். 100 மில்லிவாட்டை 40 விநாடி வைத்தால் 4 ஜூல். டையோடு செத்திருந்தால் நாள் பூராவும் வைத்தாலும் பூஜ்யம்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நாலு நாள் தள்ளிப் போட்டுத்தான் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், இல்லையே தம்பி, நடுவுல ரெண்டு மூணு நாள் நல்லா இருந்துச்சே என்றார்கள். அதுவும் பொய் இல்லை. ஒருத்தர் தொட்டு, அக்கறையாக விசாரித்து, அரை மணி நேரம் குனியாமல் உட்கார வைத்தாலே வலி கொஞ்சம் அடங்கும். அதனால்தான் உண்மையான லேசரையும் செத்த லேசரையும் ஆளுக்குத் தெரியாமல் மாற்றி வைத்துச் சோதிக்கிறார்கள்.

நிலையத்துக்காரர்கள் கருவியைச் சரி செய்துகொண்டார்கள், திரும்ப வாங்க, காசு வேண்டாம் என்றும் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. இப்போது வேறோர் இடத்துக்குப் போகிறோம். கழுத்துக்கு உடற்பயிற்சியும் சொல்லித் தருகிறார்கள். அங்கிருக்கும் பிசியோதெரபிஸ்ட் மேடம், நான் கேட்டதும் முகம் சுளிக்காமல் மீட்டரை எடுத்து எனக்கு எதிரிலேயே அளந்து காட்டினார்கள். 96 மில்லிவாட்.

ஃபின்சனைப் பார்த்து நானும் என் பழைய ரெக்கார்ட் நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டிருக்கிறேன். தேதி, மில்லிவாட், விநாடி, பத்துக்கு எத்தனை வலி என்று அம்மா சொல்லும் நம்பர். முதல் நாள் 8. ஆறாவது சிட்டிங்கில் 5. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் எதிரில் உட்காரும்போது, எனக்காக ஒரு நம்பர் குறைத்துச் சொல்கிறார்களோ என்று ஒரு சந்தேகம். அதனால் போன வாரத்திலிருந்து கேட்கும் வேலையைத் தங்கச்சியிடம் கொடுத்திருக்கிறேன்.